கட்டளையும் கடப்பாடும்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி ஆறு நாள்கள் நீடித்த ஒரு நிகழ்வுக்கு மூன்று பெயர்கள் உண்டு. ஆங்கில அரசு அதனைக் 'கலகம்' என்றது. அதில் பங்கேற்ற மாலுமிகள் தாங்கள் செய்தது 'வேலைநிறுத்தம்' என்றனர். பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் அதனை 'எழுச்சி' என்று குறித்தனர். பெயரிடுதல் என்பது தீர்ப்பிடுதலின் முதற்படி. ஆதலின், நடந்தது இன்னது என அறிந்த பின்னரே பெயரைத் தெரிவு செய்வது முறையாகும்.

இந்நிகழ்வை இங்கு நினைவுகூர்வது வரலாற்று ஆர்வத்தினால் மட்டுமன்று. மேலிடத்துக் கட்டளைக்கு மனிதன் எதுவரை கட்டுப்பட்டவன் என்னும் கேள்வியை இது எழுப்புகிறது. அதனோடு, அதிகம் பேசப்படாத மற்றொரு கேள்வியையும் நம்முன் வைக்கிறது. எதிர்த்து நிற்பவனிடம் "பணிந்து போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை கூறுபவர், அவன் பணிந்த பிறகு அவனுக்குப் பட்டிருக்கும் கடன் யாது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய அரச கடற்படை பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகியது. சேர்ந்தோரில் பெரும்பாலோர் இளைஞர். பள்ளிப் படிப்புப் பெற்றவர்கள். நல்ல ஊதியம், மதிப்பான பணி, பிற்கால வாழ்வுக்கு உதவும் தொழிற்பயிற்சி ஆகியவை அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டன. போர் முடிந்தபோது அவர்கள் கண்டது வேறு. அதே கடலில் அதே இடரை ஏற்ற ஆங்கில மாலுமிக்கு ஓர் ஊதியம், இந்திய மாலுமிக்கு மற்றோர் ஊதியம். உணவு தரம் தாழ்ந்திருந்தது. பணியிலிருந்து விடுவிக்கப்படுவதில் காலந்தாழ்த்தல். விடுவிக்கப்பட்டோர்க்கு வேலை கிட்டுமா என்ற கவலை. இவற்றோடு, 1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் தொடங்கிய இந்திய தேசிய இராணுவ வழக்குகள் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியிருந்தன. மாலுமிகள் சீருடை அணிந்திருந்தனர் என்பதற்காக அவர்கள் செவிகள் அடைபட்டுவிடவில்லை.

பம்பாய்க் கொலாபாவில் 'தல்வார்' என்னும் செய்தித்தொடர்புப் பயிற்சித் தளம் இருந்தது. கரையில் அமைந்திருந்தாலும் கடற்படை மரபின்படி அதுவும் கப்பலாகவே கருதப்பட்டது. தலைமைத் தளபதி ஆக்கின்லெக்கின் வருகையையொட்டிப் பிப்ரவரித் தொடக்கத்தில் அங்குச் சுவர்களில் விடுதலை முழக்கங்கள் எழுதப்பட்டன. அதற்காகப் பலாய் சந்த் தத் என்னும் இளம் மாலுமி கைது செய்யப்பட்டார். அத்தளத்தின் பொறுப்பதிகாரியான கமாண்டர் கிங், மாலுமிகளை அவர்தம் பிறப்பையும் பெற்றோரையும் இழிவுபடுத்தும் சொற்களால் ஏசினார். மாலுமிகள் உடனே கிளர்ந்தெழவில்லை. விதிகள் கூறும் முறைப்படி எழுத்து வழியாக முறையிட்டனர். நாள்கள் கடந்தன, தீர்வு பிறக்கவில்லை. 18-ஆம் நாள் காலை, தரமற்ற உணவை ஏற்க மறுத்து, உணவில்லையேல் வேலையுமில்லை என்று அமர்ந்தனர்.

மறுநாளே கிங் அப்பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். பல நாள்களாக எழுத்தால் இயலாதது ஒரே நாள் மறுப்பினால் நிறைவேறியது. மேலிடத்தில் இருப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறையான வழியில் வந்தவனுக்குக் கதவைத் திறவாது, முறை மீறியவனுக்கு மட்டும் திறந்துவிடும் நிர்வாகம், முறை மீறுதலைத் தானே கற்பிக்கிறது.

19-ஆம் நாள் மாலுமிகள் மத்திய வேலைநிறுத்தக் குழுவை அமைத்தனர். எம். எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். செய்தித்தொடர்பே அவர்கள் தொழிலாகையால் சேதி கம்பியில்லாத் தந்தி வழியே கராச்சி, கல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் என்று பரவியது. 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் இதில் சேர்ந்தனர். காங்கிரசின் மூவர்ணக் கொடி, முஸ்லிம் லீகின் பச்சைக் கொடி, பொதுவுடைமையரின் செங்கொடி ஆகிய மூன்றும் ஒருசேர உயர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களில் இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்ததை நினைக்கும்போது, பிப்ரவரியின் அந்தக் காட்சி நெஞ்சை உருக்குகிறது.

அவர்கள் கோரியவை எவை? நல்ல உணவு, சம ஊதியம், விரைவில் பணிவிடுப்பு, இழிவாகப் பேசிய அதிகாரி மீது நடவடிக்கை, அரசியல் கைதிகளின் விடுதலை. இவற்றுடன், இந்தோனேசியாவில் நிறுத்தப்பட்டிருந்த இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டனர். விடுதலைக்குப் போராடும் வேறொரு மக்களை அடக்குவதற்கு இந்தியர் கருவியாகக் கூடாது என்பதே இதன் பொருள். தன் தட்டில் விழும் உணவைப் பற்றிய முறையீடு, தான் என்றும் கண்டிராத அயலானின் உரிமை வரை நீண்டது. இதனை வெறும் வயிற்றுக் கலகம் என்று தள்ளிவிட இயலாது.

21-ஆம் நாள் நிலைமை மாறியது. கேஸில் பாரக்ஸ் என்ற படைவீட்டை இராணுவம் சூழ்ந்தது. துப்பாக்கிச் சூடு மூண்டது. மாலுமிகளும் படைக்கலம் எடுத்துத் திருப்பிச் சுட்டனர். கடற்படைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் பேசினார். அரசின் வசமுள்ள பெரும் ஆற்றல் முழுவதும் பயன்படுத்தப்படும், அதனால் கடற்படையே அழிய நேரினும் தயங்கோம் என்பது அவர் உரையின் சாரம். மறுபுறம், பம்பாய் மக்கள் உணவும் கனிகளும் ஏந்தி இந்திய வாயில் அருகே கூடினர். உணவுவிடுதிக்காரர்கள் பணம் பெறாது கொடுத்தனர். 22-ஆம் நாள் நகரம் முழுவதும் கதவடைப்பு. ஆலைத் தொழிலாளர் தெருவில் இறங்கினர். கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பல் பீரங்கிச் சண்டைக்குப் பின் பணிந்தது. பம்பாயில் காவல்துறையும் இராணுவமும் நடத்திய துப்பாக்கிச் சூட்டில், அரசுக் கணக்கின்படியே, பொதுமக்களுள் 228 பேர் மாண்டனர்; 1,046 பேர் காயமுற்றனர். துறைமுகத்துக் கப்பல்களில் பெரும்பீரங்கிகள் இருந்தன. நகரமோ அவற்றின் குறிக்குள் இருந்தது. ஆயினும் மாலுமிகள் நகரின்மீது குண்டு பொழியவில்லை. 23-ஆம் நாள் சர்தார் வல்லபாய் படேலின் அறிவுரையை ஏற்று அவர்கள் பணிந்தனர். ஆங்கிலேயரிடம் அன்று, இந்தியாவிடமே பணிகின்றோம் என்பது அக்குழுவின் இறுதிச் சொல்லாக நின்றது.

இனி, நம் கேள்விக்கு வருவோம். மாலுமிகள் செய்தது முறையா?

அன்றைய தலைவர்களிடையே இதற்கு ஒரே விடை இல்லை. அருணா ஆசப் அலி அம்மையார் மாலுமிகளின் பக்கம் நின்றார். சட்டமன்ற முறையில் இந்துவையும் முஸ்லிமையும் இணைப்பதினும் போராட்டக் களத்தில் இணைப்பதே எளிது என்று கருதினார். காந்தியடிகள் இதனை ஏற்கவில்லை. வன்முறைக்காக இரு சமயத்தார் கூடுவது தூய கூட்டன்று என்றார். பணி இழிவானதென்றால் அப்பணியில் ஏன் தொடர வேண்டும் என்றும் வினவினார். படேலோ, படையின் ஒழுங்கு குலைந்தால் நாளை விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் படை இராது என்று அஞ்சினார்.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் காந்தியடிகளின் வினாவில் ஒரு இடர்ப்பாடும் இருக்கிறது. பணியைத் துறக்கும் உரிமை வழக்கறிஞனுக்கு உண்டு, ஆசிரியனுக்கு உண்டு. குறித்த காலத்திற்கு ஒப்பமிட்டுச் சேர்ந்த கடைநிலை மாலுமிக்கு அது இல்லை. அவன் பணியைவிட்டு நீங்கினால் அதற்குப் பெயர் விலகல் அன்று, ஓடிப்போதல். அது தண்டனைக்குரிய குற்றம். வெளியேறும் வாயில் இல்லாத வீட்டில் இருப்பவனிடம் வெளியேறலாமே என்று கூறுவது முழுமையான விடையாகாது.

நம் மரபு இதுபற்றி என்ன கூறுகிறது? பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் ஆட்சியாளர்க்குக் கீழ்ப்படியக் கூறுகிறார். அதே இடத்தில், ஆட்சி என்பது மக்களின் நன்மைக்காகவே இறைவனால் ஏற்படுத்தப்பட்ட பணி என்றும் நினைவூட்டுகிறார். எபேசியருக்கு எழுதுகையில் பணியாளரைக் கீழ்ப்படியச் சொன்ன கையோடு தலைவரையும் விளித்து, அச்சுறுத்தலை விட்டுவிடுங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் ஆண்டவர் ஒருவரே என்கிறார். முதற்பகுதியை உரக்கப் படித்து இரண்டாம் பகுதியை முணுமுணுப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பேதுருவும் திருத்தூதரும் தலைமைச் சங்கத்தின் முன் நின்று, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று மறுத்ததும், எகிப்தில் எபிரேய மருத்துவப் பெண்கள் பார்வோனின் ஆணையைப் புறக்கணித்ததும் இதே மறைநூலில்தான் உள்ளன.

புனித அக்குவினா தோமையார் தமது 'இறையியல் தொகுப்பு' நூலில் கீழ்ப்படிதலின் எல்லையை இரண்டாக வகுக்கிறார். மேலான அதிகாரத்துக்கு முரணான கட்டளைக்கும், கட்டளையிடுபவரின் வரம்புக்கு அப்பாற்பட்ட கட்டளைக்கும் ஒருவன் கட்டுப்பட்டவன் அல்லன். படைவீரன் போர் பற்றியவற்றில் தளபதிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அவரே தரும் எடுத்துக்காட்டு. போர் பற்றியவற்றில் என்னும் வரையறையைக் கவனித்தல் வேண்டும். கப்பலைச் செலுத்து எனத் தளபதி கட்டளையிடலாம். உன் தாயை நான் இழித்துரைப்பேன், நீ தலைகுனிந்து கேள் எனக் கட்டளையிட அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த எல்லையில் மாலுமியின் மறுப்பு, கீழ்ப்படியாமை என்னும் பாவத்தின்பாற் படாது.

எனினும், பணி செய்ய மறுப்பது ஒன்று. படைக்கலம் எடுப்பது மற்றொன்று. கொடுங்கோலாட்சியை அசைப்பது கலகமாகாது என்று கூறும் அதே தோமையார், அந்த அசைவினால் விளையும் கேடு கொடுங்கோன்மையின் கேட்டினும் பெரிதாகுமானால் அது முறையன்று என்று எச்சரிக்கிறார். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனை ஐந்து நிபந்தனைகளாக விரித்துரைக்கிறது. அடிப்படை உரிமைகள் உறுதியாகவும் கடுமையாகவும் நெடுங்காலமாகவும் மீறப்பட்டிருக்க வேண்டும். பிற வழிகள் யாவும் முயன்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும். முன்னிலும் பெரிய சீர்குலைவு விளையக்கூடாது. வெற்றிக்கு நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும். மேலான தீர்வு எதுவும் அறிவுக்குப் புலப்படாதிருக்க வேண்டும். இவை ஐந்தும் ஒருங்கே பொருந்தினாலன்றிப் படைக்கலம் தாங்கிய எதிர்ப்பு முறையாகாது.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவோம். உரிமை மீறல் இருந்தது. அடிமைப்பட்ட நாட்டின் படையில் அது நாள்தோறும் இருந்தது. தங்கள் அதிகாரியைப் பொறுத்தமட்டில், முறையீட்டு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ஆனால் சண்டை நீடித்திருப்பின் வெற்றி கிட்டியிருக்குமா? குழுவிடம் அடுத்த கட்டத்துக்கான திட்டம் இல்லை. அவர்களை வழிநடத்தப் பெருங்கட்சி எதுவும் முன்வரவில்லை. மேலான தீர்வு தென்பட்டதா? அமைச்சரவைத் தூதுக்குழு இந்தியாவுக்கு அனுப்பப்படும் என்று இலண்டனில் அறிவிக்கப்பட்டதும் பிப்ரவரி 19-ஆம் நாளிலேயே. விளைந்த கேடோ பெரிது. மாண்டோரில் பெரும்பாலோர் மாலுமிகள் அல்லர். தெருவில் நின்ற எளிய மக்கள். அவர்களைச் சுட்டவர்கள் மாலுமிகள் அல்லர் என்பதும் உண்மை. சுட்டவர் பொறுப்பைச் சுடப்பட்டோரின் நண்பர்மீது ஏற்றுதல் நீதியன்று. ஆயினும், நீடித்திருந்தால் இறந்தோர் தொகை பன்மடங்காகியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே என் முடிவு இதுவே: 18-ஆம் நாள் மறுப்பு முறையானது. 23-ஆம் நாள் பணிதலும் முறையானதே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. தன்மானத்துக்காக எழுந்தவர்கள் பிறர் உயிருக்காக அமர்ந்தனர். அடிமைத்தனத்தினால் பணிவதும் அன்பினால் பணிவதும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் அகத்தே வேறானவை.

ஆனால் வரலாறு 23-ஆம் நாளுடன் முடியவில்லை. உண்மையான அறச்சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படைக்கலங்களைக் கீழே வைக்குமாறு படேல் அறிவுரைத்தபோது, மாலுமிகள் பழிவாங்கப்படாதிருக்கவும் அவர்தம் நியாயமான கோரிக்கைகள் ஏற்கப்படவும் காங்கிரஸ் தன்னால் இயன்றதைச் செய்யும் என்றார். லீகின் தலைவர் ஜின்னாவும் போராட்டத்தைக் கைவிடக் கூறினார். அந்தச் சொற்களை நம்பி இளைஞர்கள் இறங்கி வந்தனர். தொடர்ந்து கைதுகள் நிகழ்ந்தன. தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 470-க்கும் மேற்பட்டோர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். பாட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பசல் அலி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, மாலுமிகளின் குறைகள் மெய்யானவை என்றே கண்டது. பதினெட்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. அறிவுரை கூறியவர்கள் ஆட்சியில் அமர்ந்தனர். எனினும் நீக்கப்பட்டோரை இந்தியக் கடற்படையும் பாகிஸ்தான் கடற்படையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதற்குக் காரணம் கூற முடியாததில்லை. ஒருமுறை கட்டளையை மறுத்தவர்களை மீண்டும் சேர்த்தால் படை ஒழுங்கு என்னாவது என்று புதிய அரசு எண்ணியிருக்கலாம். இந்திய தேசிய இராணுவத்தினரும் படையில் மீளச் சேர்க்கப்படவில்லை. அரசின் போக்கில் ஒரு சீர்மை இருந்தது. அதனாலேயே அது நீதியாகிவிடாது. படையில் இடமளிக்க இயலாதென்றால் வேறு பணியில் இடமளித்திருக்கலாம், வாழ்வூதியம் தந்திருக்கலாம், குறைந்தது, நீங்கள் நாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை என்று அன்றே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இளமையில் பிழைப்பிழந்தவனுக்கு அந்தச் சொல் உணவுக்கு நிகரானது. பின்னாளில் மதன் சிங், பி. சி. தத் ஆகியோரின் பெயர்கள் இந்தியக் கடற்படையின் இழுவைப் படகுகளுக்குச் சூட்டப்பட்டன. அது நன்றே. ஆனால் நீக்கப்பட்டோரில் எத்தனையோ பேர் அதற்குள் முதுமையடைந்திருந்தனர். எத்தனையோ பேர் மறைந்துவிட்டனர்.

தலைவர்கள் கூறிய அறிவுரை தவறன்று; அதைக் கூறியபின் ஏற்ற கடனை மறந்ததே தவறு. "இயன்றதைச் செய்வோம்" என்பது சட்டத்தின் முன் வாக்குறுதி ஆகாதிருக்கலாம். மனச்சான்றின் முன் அது வாக்குறுதியே. பணியுமாறு சொல்பவர், பணிந்தவன் கையிலிருந்த ஒரே வலிமையையும் வாங்கிக்கொள்கிறார். அந்த வலிமைக்கு ஈடாக அவர் கொடுப்பது தம் சொல்லை மட்டுமே. அச்சொல் நிறைவேறாவிட்டால் பணிந்தவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை.

இது பம்பாய்க்கும் 1946-க்கும் மட்டும் உரிய செய்தியன்று. ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கும். விசைப்படகுத் தொழிலாளர் பங்கு கேட்டுப் படகில் ஏற மறுப்பர். நம் நிறுவனங்களிலேயே ஊதியம் குறைந்த ஊழியர் குரல் எழுப்புவர். அப்போதெல்லாம் ஊர்ப் பெரியவரும், சங்கத் தலைவரும், பங்குத் தந்தையரும் நடுவில் அழைக்கப்படுகிறோம். "இப்போது வேலைக்குத் திரும்புங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்பது நம் வாயில் எளிதாக வரும் சொல். பல வேளைகளில் அது சரியான சொல்லுமாகும். திரும்பிப் போனவர்களுள் முன்னின்று பேசிய ஒருவனை அடுத்த திங்களில் ஏதோ காரணம் காட்டி அனுப்பிவிடுவர். அன்று அவன் வீட்டுக்குச் செல்வோர் யார்? அவனுக்காக முதலாளியின் அறைக்கு இரண்டாம் முறை செல்வோர் யார்? முதல்முறை சென்றது அமைதிக்காக. அதில் நமக்குப் பெருமை உண்டு. இரண்டாம்முறை செல்வது நீதிக்காக. அதில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சங்கடமே. ஆயினும் இரண்டாம் பயணம் இல்லையேல் முதற்பயணத்தில் நாம் அமைதியை உண்டாக்கவில்லை. வலியவனின் வசதிக்காக எளியவனை அமர்த்திவிட்டு வந்தோம் என்பதே பொருள்.

கட்டளையிடும் இடத்தில் உள்ள பெற்றோர், ஆசிரியர், முதலாளி, அருள்பணியாளர் யாவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் இரண்டு உண்டு. எனக்குக் கீழுள்ளவன் அஞ்சாமல் வந்து முறையிட என்னிடம் வாயில் திறந்திருக்கிறதா? என் சொல்லை நம்பிப் பணிந்தவன் இன்று எங்கே, எந்நிலையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியுமா?

முதல் வினாவுக்கு ஆம் என்று விடையளிப்பவரின் ஆளுகையில் கலகம் எழுவதற்குத் தேவை நேராது. இரண்டாம் வினாவுக்கு விடை தெரியாதவர்கள், அடுத்த முறை யாரையேனும் பணியச் சொல்வதற்கு முன், முதலில் பணிந்தவனைத் தேடிச் செல்லட்டும்.